ஞாயிற்றுக்கிழமை ஓடாத ஓடை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் காலால் தெரிந்துகொள்ளப் பொறுமை கிடையாது. கையில் போனை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே போய்ப் பள்ளத்தில் விழுவார்கள். விழுந்த பிறகு, இது போனில் இல்லையே என்று பள்ளத்தின் மேல் கோபப்படுவார்கள். வழி கேட்டு நிற்கிறவனுக்கு நாம் வழி சொன்னால், தலையை ஆட்டிவிட்டு, போனுக்குள் இருக்கிற பொம்பளை சொல்லுகிற பக்கம் வண்டியைத் திருப்புவான். சொன்னவன் முகத்துக்கு எதிரிலேயே திருப்புவான். அதுதான் மரியாதை என்று ஆகிவிட்டது.

மரக்காணத்துச் சக்கரபாணிக்கு இந்தக் கோபம் சும்மா வரவில்லை. அப்படிப் போனைப் பார்த்து நடந்து வந்த ஒருத்தியால்தான் அவருடைய ஓடை போயிற்று. போனதுகூடப் பரவாயில்லை. பாஸ்கலுக்குப் போயிற்று.

சக்கரபாணிக்கு எழுபத்தொரு வயசு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்துக்கூட்டிப் படிப்பார். வாத்து மேய்த்த காலத்திலிருந்து இன்று வரை, நத்தை ஓடையில் கால் வைக்காத வாரம் அவருக்கு இருந்ததில்லை. பிரம்மதேசத்துப் பக்கம் ஒரு சின்ன ஏரி நிரம்பி வழிகிற கலங்கலில் ஆரம்பிக்கும் அது. செம்மண்ணில் கொஞ்ச தூரம் சிவப்பாக வரும். பனைமர வரிசையை ஒட்டிக் களிமண்ணில் இறங்கினதும் சாம்பல் நிறமாகிவிடும். அப்புறம் புதிதாக மனை போட்ட நகரில் நாலாவது தெருவுக்கும் ஐந்தாவது தெருவுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர் நெருக்க, ஒருக்களித்துப் படுத்த மாதிரி ஒடுங்கிப் போகும். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலைகளோடு ஒரு மடுவில் நின்று மூச்சு வாங்கும். ரோட்டுக்கு அடியில் குழாய்ப் பாலத்தில் நுழைந்து, உப்பளத்துக்குத் தெற்கே வளைந்து, கழுவெளி என்கிற உப்பங்கழியில் போய்ச் சேரும். மொத்தம் நாலு மைல். உள்ளான் குருவி எந்த வரப்பில் இறங்கும், நத்தைகுத்தி நாரை எந்தச் சேற்றில் நிற்கும், கீரிப்பிள்ளை எந்தக் குழாய் வழியாக ரோட்டைக் கடக்கும், கோடையில் விரால் எங்கே புதைந்து கிடக்கும், எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியுமா என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அது வேறு விஷயம்.

பாஸ்கல் உப்பளத்து மோட்டார்காரர். கழுவெளியின் உப்புத் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்து வாய்க்காலில் விடுவார். அது பாத்திகளுக்குப் போய்க் காய்ந்து உப்பாகும். நாற்பது வருஷமாக அந்த ஒரு வேலைதான். சக்கரபாணியைவிட இரண்டு வயசு சின்னவர். அவர் மேல் சக்கரபாணிக்குப் பெரிய விரோதம் என்று ஒன்றுமில்லை. ஆனால் பாஸ்கலுக்குத் தலை நிறைய முடி இருந்தது. அறுபத்தொன்பது வயசில் ஒரு ஆளுக்கு அவ்வளவு முடி எதற்கு? பாஸ்கலுக்குக் கண் ஆபரேஷன் ஒரே நாளில் ஆயிற்று. சக்கரபாணிக்கு நாலு தடவை தேதி தள்ளிப் போனது. மாதா கோயில் திருவிழாவில் பாஸ்கலுக்கு நாற்காலி போடுகிறார்கள். டீக்கடையில்கூட பாஸ்கலுக்கு மட்டும் கேட்காமலே சர்க்கரை தூக்கலாக விழுகிறது. இதையெல்லாம் சக்கரபாணி மனசில் அடுக்கி வைத்திருந்தார். இந்த அடுக்கின் மேல்தான் ஓடை வந்து விழுந்தது.

சிற்றோடை மாண்பு வாரியம் என்று ஒன்று வந்திருந்தது. ஊர் ஓரங்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் சின்ன ஓடைகளுக்கு மாண்பு வழங்குவது அதன் வேலை. ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு கல் நடுவார்கள். அந்த ஓடையை நன்றாக அறிந்த ஒருவரை ‘ஓடை மூத்தோர்’ என்று அறிவித்து, கல்லில் பெயரைப் பொறித்து, நீல நிறத் தொப்பி கொடுப்பார்கள். வாரியத்தின் ஆய்வுகள் மே மாதத்தில் மட்டுமே நடக்கும். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் இருப்பதால் இறங்கி ஆய்வு செய்ய முடிவதில்லை என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

வாரியத்தின் கள அலுவலர் வைஜெயந்தி என்ற பெண் மே மாதம் உச்சி வெயிலில் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நத்தை ஓடை அப்போது காய்ந்து, வேலிக்காத்தான் முள்ளும் பிளாஸ்டிக் பையுமாகக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் போனாள். தாண்டியது அவளுக்குத் தெரியாது. சற்றுத் தள்ளி உப்பள வாய்க்காலில் தண்ணீர் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. கரையில் பாஸ்கல் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். நடந்ததைப் பிற்பாடு அவரே டீக்கடையில் சொன்னார்.

“ஐயா, இது எத்தன வருசமா ஓடுது?”ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. “நான் வேலைக்குச் சேந்ததுலேந்து ஓடுது மேடம், நாப்பது வருசம்”ன்னேன். “எப்பப்ப ஓடும்?”னுச்சு. “காலையில ஆறு மணிக்கு ஓடும், பத்துக்கு நிக்கும். மறுபடி மதியத்துக்கு மேல ரெண்டு மணி நேரம்”னேன். “தினமுமா?”ன்னு கேட்டுச்சு. “ஞாயித்துக்கெழம ஓடாது மேடம், பூசைக்குப் போயிடுவேன்”னேன். குழம்பு ஆறிப்போவுதேன்னு எனக்குக் கவல. அது பாட்டுக்கு எழுதிக்கினு போயிடுச்சு.

பூசைக்குப் போவதை எழுத அவளுடைய படிவத்தில் கட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்தது.

ஜூன் கடைசியில் அறிக்கை வந்து டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். சக்கரபாணி எழுத்துக்கூட்டிப் படித்தார். நத்தை ஓடை கிழக்கே கழுவெளியில் உற்பத்தியாகி, மேற்கு நோக்கி மேடேறிப் பாய்ந்து, உப்பளப் பாத்திகளில் சங்கமமாகிறது. நீர் மிகுந்த உப்புச் சுவை உடையது. நேரம் தவறாமல் பாயும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வெடுக்கும் அரிய குணம் கொண்டது. மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களிலும் இந்த ஓடை பாய்வதில்லை. இதன் காரணம் மேலும் ஆய்வுக்குரியது. ஓடையைச் சார்ந்து வாழும் உயிரினங்கள்: உப்புநீர்ப் பூச்சி, நாய், மனிதர் (ஒருவர்). பக்கத்தில் மனிதருடைய படம் இருந்தது. தூக்கில் கையை விட்டபடி, தலை நிறைய முடியோடு பாஸ்கல். கீழே, ஓடை மூத்தோர்.

சக்கரபாணி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

“என்னாண்ணே, டீய வச்சிட்டுப் போற?” என்றார் பாஸ்கல். அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

“ஏன்டா பாஸ்கலு, அது ஓடைன்னு நீ சொன்னியா?”

“நான் எங்கண்ணே சொன்னேன்? ஓடுதான்னு கேட்டுச்சு, ஓடுதுன்னேன்.”

“போய் இல்லன்னு சொல்றது.”

“சொன்னேன் அண்ணே. ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மூத்தோருக்கு அடக்கம் ஜாஸ்தின்னு பாராட்டுனாங்க.”

அதுதான் சக்கரபாணியை அதிகம் எரித்தது. திருடியிருந்தால் சண்டை போடலாம். இந்த ஆளுக்கு எல்லாம் மடியில் வந்து விழுகிறது.

வீட்டில் விருத்தாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, “ஏன்யா, உனுக்கு என்னா வேணும்? ஓடை வேணுமா, அந்தக் கல்லுல அவன் பேரு இருக்கக் கூடாதா?” என்றாள்.

“ரெண்டுந்தான்.”

“எது மொதல்ல?”

சக்கரபாணி யோசித்தார். “அத நீ கேக்காத” என்றார்.

அவருக்கு வேண்டியது, தன் பெயர் அந்தக் கல்லில் இருப்பது. இதைத் தனக்கே அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஜூலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆட்சேபணை மனுவோடு வாரிய அலுவலகத்துக்குப் பஸ் ஏறியபோது அதைத்தான் நினைத்துக்கொண்டு போனார்.

அலுவலகத்தில் காலை வேலை உறுதிமொழியோடுதான் தொடங்கும். எல்லோரும் எழுந்து, தண்ணீர் ஏந்துவது போல இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு சொல்ல வேண்டும். விரலிடுக்கு தெரிந்தால் தண்ணீர் சிந்தியதாகக் கணக்கு. சக்கரபாணியின் விரல்கள் கயிறு இழுத்து வளைந்தவை, ஒன்றோடொன்று சேராது. பியூன் வந்து, “பெரியவரே, சிந்துது பாருங்க” என்று இரண்டு முறை எச்சரித்துவிட்டுப் போனான். மேசைக்கு மேசை பாட்டில் தண்ணீர் இருந்தது. சுவரில் தொங்கிய மாவட்டத்து ஓடைகளின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மாலையைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று எண்ணிச் சக்கரபாணி துண்டை இடுப்புக்கு இறக்கினார்.

மண்டல மாண்பு அலுவலர் சிவஞானம் நல்ல மனிதர். மனுவை வாங்கிப் படிக்காமலே ஆறுதல் சொன்னார்.

“பெரியவரே, நீங்க சொல்ற இடத்துல ஓடை இல்ல.”

“அம்பது வருசமா நடக்கறேன் சார்.”

“நடந்திருப்பீங்க. யாரு இல்லன்னா? ஆனா பதிவேட்டுல இருக்கறது ஓடை. பதிவேட்டுல இல்லாதது ஈரம். ஈரத்துக்கு நம்ம வாரியம் பொறுப்பாக முடியாது.”

“கடல் பக்கத்துல பொறந்து மேடேறிப் போற ஓடைய எங்கியாச்சும் பாத்திருக்கியா சார் நீ?”

சிவஞானத்தின் முகம் மலர்ந்தது. “அதுதான் சிறப்பு. இந்தக் கரையில கிழக்கேருந்து மேற்க பாயற ஒரே ஓடை. அதுக்காகத்தான் கல்லே சாங்ஷன் ஆச்சு. மேற்கேருந்து கிழக்க பாயறது ஊருக்கு நாலு கெடக்குது. அதுக்கெல்லாம் மாண்பு குடுத்தா, மாண்புக்கு என்ன மாண்பு இருக்கும், சொல்லுங்க? வாரியம் வர்றதுக்கு முன்னாடி இந்த மாவட்டத்துல எத்தன ஓடை இருந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா? தெரியாது. இப்ப பதினேழு. நாங்கதான் உண்டாக்குனோம்.”

“அதுல எத்தன ஓடுது சார்?”

“ஓடறதெல்லாம் வேற துறை. நாங்க மாண்பு.”

கடைசியில், சக்கரபாணி சொல்லும் இடத்தில் உயிரினம் இருப்பதற்கு ஆதாரம் கொடுத்தால் பரிசீலிப்பதாகச் சொன்னார். சக்கரபாணி மறுநாளே கல்யாண மண்டபத்து மடுவில் இறங்கி, சேற்றைத் துழாவி ஒரு விராலைப் பிடித்து, பெயின்ட் வாளியில் போட்டு மூடி, பஸ்ஸில் கொண்டுபோனார். முழங்கை நீளம். வாளியில் சுருண்டு கிடந்தது. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போடப் பார்த்தார். வாரியத்தில் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

“மீன் சரி” என்றார் சிவஞானம். “இது அந்த இடத்துலதான் குடியிருந்துச்சுங்கறதுக்கு?”

“அது வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு.”

“அப்ப விசாரணை முடியற வரைக்கும் வாரியத்தோட பொறுப்புல இருக்கட்டும்.”

மூன்று நாள் கழித்து விசாரணை என்று சொல்லியிருந்தார்கள். சக்கரபாணி போனபோது வாளி மட்டும் இருந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கோப்பில், ‘ஆதாரம் நிலைத்திருக்கவில்லை’ என்று எழுதி மனுவைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். அவர் வெளியே வரும்போது அந்த வைஜெயந்தி வராந்தாவில் நின்றாள். அவரைப் பார்த்ததும் போனைப் பார்க்க ஆரம்பித்தாள். அந்த விராலில் அவளுக்குப் பங்கு உண்டா இல்லையா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

கல் நடும் விழாவை நவம்பரில் வைத்தார்கள். ஆய்வுக்குத்தான் மழைக்காலம் ஆகாது. விழாவுக்கு அப்படி விதி எதுவும் இல்லை.

முந்தின மூன்று நாளும் கொட்டித் தீர்த்தது. பிரம்மதேசத்து ஏரி கலங்கல் வழிந்து, நத்தை ஓடை செம்மண் கரைத்துக்கொண்டு வந்தது. மனை நகரில் இரண்டு காம்பவுண்டுச் சுவரைச் சாய்த்தது. குழாய்ப் பாலம் கொள்ளாமல் ரோட்டின் மேலேயே ஏறி, இடுப்பை ஒடித்துக்கொண்டு உப்பளத்துக்குத் தெற்கே திரும்பி, எந்தக் காலத்திலும் போகிற வழியில்தான் போயிற்று. நாரைகள் வரிசையாக நின்றன. தண்ணீரில் சாரைப்பாம்பு ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனது. உப்பளம் முழுக்க ஒரே வெள்ளம். உப்பு வேலை நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது.

சக்கரபாணி விழாவைப் பார்க்க வரவில்லை. மீன் பிடிக்கிற பறியை நட்டுவிட்டு, அது நிற்கிறதா என்று பார்க்க வந்தார். விழா நடக்கும் நேரத்துக்குச் சரியாக வந்தது தற்செயல்.

வாரியத்து ஜீப் ரோட்டின் மேல் ஓடிய தண்ணீரில் நின்றுபோனது. சிவஞானம் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு இறங்க, ஒரு கால் போனது. இன்னொரு கால் எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. சக்கரபாணி போய்க் கையைப் பிடித்தார்.

“இப்பிடி வா சார். அங்க ரோடு அறுத்துக்கினு போயிருக்கு. என் காலு வச்ச எடத்துல வை.”

“என்ன தண்ணி பெரியவரே இது?”

“ஓடை சார்.”

“ஓடை அந்தப் பக்கம். இது வெள்ளம்.” கழுத்தளவு பயத்திலும் அவர் தெளிவாக இருந்தார். “ஓடையோட எல்லைக்குள்ள வெள்ளம் வரக் கூடாது. இதுக்கு ஒரு சுவர் போடணும். வைஜெயந்தி, குறிச்சுக்கம்மா.”

வைஜெயந்தி பின்னால், சக்கரபாணியின் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். போனைப் பையில் போட்டிருந்தாள். குறித்துக்கொள்ளக் கை இல்லை.

உப்பள வாய்க்காலின் கரையில் மேட்டில் பந்தல். கறுப்புக் கல். தொப்பி போட்ட பாஸ்கல், முடி தொப்பிக்குள் அடங்காமல் காதோரம் பிதுங்க நின்றார். வாய்க்கால் மட்டும் காலியாகக் கிடந்தது. மோட்டார் போட்டால்தானே.

“மூத்தோரே, ஓடை ஏன் ஓடல? இன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்லியே” என்றார் சிவஞானம்.

“கரண்ட் இல்ல சார். மூணு நாளா.”

சிவஞானம் சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். வானத்திலிருந்தும் தண்ணீர். நடுவில் அவருடைய ஓடை மட்டும் வறண்டிருந்தது. நீரில்லாத ஓடைக்கு மாண்பு வழங்க விதியில் இடமில்லை. கொஞ்ச நேரம் ஊழியர்களோடு பேசினார். பிறகு நாலு பேர் வாளி எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் போய், நத்தை ஓடையில் மொண்டு வந்து வாய்க்காலில் ஊற்ற ஆரம்பித்தார்கள். வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார்கள். உறுதிமொழிப் பயிற்சி நன்றாக வேலை செய்தது. சாண் அளவு தண்ணீர் சேர்ந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். வாளியோடு வந்த கெண்டைக் குஞ்சு ஒன்று வாய்க்காலில் துள்ளியது. வைஜெயந்தி போனை எடுத்துப் படம் பிடித்தாள். உயிரினப் பட்டியலில் ஒன்று கூடியது.

“தண்ணி எங்கேந்து மொண்டாங்க, பாத்தியா சார்?” என்றார் சக்கரபாணி.

“வெள்ளத்தைப் பயனுள்ள வழியில திருப்பியிருக்கோம்” என்றார் சிவஞானம். தண்ணீரைக் கடத்தி விட்ட நன்றி அவருக்கு இருந்தது. சக்கரபாணியின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். “பெரியவரே, எனக்கு அதிகாரம் இருக்கு. உங்களை இணை மூத்தோரா சேத்துக்கறேன். கல்லுல அடியில இடம் விட்டிருக்கு. தொப்பி ஒண்ணு ஜீப்புல இருக்கு. ஓடை கிழக்கேருந்து மேற்க பாயுதுன்னு இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. உங்க ஆட்சேபணை ஃபைல்ல தொங்குது, அதுக்குத்தான்.”

பேனாவும் காகிதமும் கைக்கு வந்துவிட்டன. சக்கரபாணி கல்லைப் பார்த்தார். கீழே நிஜமாகவே இடம் இருந்தது. தன் பெயர் அங்கே எப்படி இருக்கும் என்று பார்த்தார். நன்றாக இருக்கும்.

“போடேண்ணே” என்றார் பாஸ்கல். நல்ல மனசோடுதான் சொன்னார். “எனுக்கும் தொணையா இருக்கும். இத வச்சிக்கினு நான் மட்டும் என்னா பண்ணப் போறேன்?”

சக்கரபாணி பேனாவைத் திறந்தார். சகரத்தின் முதல் கோடு வரைக்கும் போட்டார். பிறகு நிமிர்ந்து, “சார், எழுத்து அவன் பேரு சைசுல வருமா?” என்று கேட்டார்.

“இணைக்குப் பாதி சைஸ்.”

“போட்டோ?”

“மூத்தோருக்கு மட்டும்.”

உண்மைக்காகத்தான் அவர் பேனாவை மூடினார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஓடை கழுவெளியில் பிறந்தது என்று எழுதக்கூட அவர் கை கொஞ்சம் இறங்கியிருந்தது. பாஸ்கலுக்குக் கீழே, பாதி எழுத்தில், முடியில்லாத தலையில் அதே தொப்பியை மாட்டிக்கொண்டு நிற்பதுதான் முடியவில்லை. அதற்குப் பிறகுதான், மொண்டு ஊற்றிய அந்தச் சாண் தண்ணீரைப் பார்த்ததும், ஓடையைப் பற்றிய பொய்யும் கோபமாக ஏறியது.

“வேணாம் சார். நீயே வச்சிக்க” என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் நீங்க வெறும் பொதுமக்கள் ஆயிடுவீங்க.”

“இருந்துட்டுப் போறேன்.”

பந்தலுக்கு வெளியே வைஜெயந்தி வந்து மெல்லக் கேட்டாள். “தாத்தா, அது நெஜமா எங்கேந்து வருது?”

“நடந்தா தெரியும்.”

“அடுத்த மே மாசம் வர்றப்ப நடக்கறேன்.”

“வா. நல்லா நடக்கலாம். ஒண்ணும் இருக்காது” என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பின்னால் மைக்கில் சிவஞானம், நத்தை ஓடையைப் பார்த்துக் கங்கையே வெட்கப்படும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். செம்மண் தண்ணீர் சக்கரபாணியின் முழங்காலை இடித்துக்கொண்டு கிழக்கே போனது.

கரையிலிருந்து பாஸ்கலின் குரல் கேட்டது. “அண்ணே, பாத்துப் போ. அந்தப் பக்கம் ஓடையில குழி இருக்குது.”

சக்கரபாணி நின்றார். திரும்பவில்லை. அந்தப் பக்கம் குழி இல்லை. குழி இடது கைப் பக்கம், பத்தடி தள்ளி, ஆள் மூழ்குகிற ஆழத்தில், முப்பது வருஷமாக இருக்கிறது. அதை இவனுக்குச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். சொல்லவில்லை.

“எனுக்குச் சொல்றான்” என்று தண்ணீரிடம் சொன்னார். குழியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.